உலர் எடை

தொட்டியார் கேட்டது நாற்பது மீட்டர் நிழல் வலை. அதற்கு மேல் ஒரு குண்டூசி கூடக் கேட்கவில்லை. கேட்ட விதத்திலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைத் தாளில், ஓரம் விட்டு, பணிவுடன் தொடங்கிப் பணிவுடன் முடித்திருந்தார். நடுவில் ஒரே ஒரு வரி: வெயிலில் கன்றுகள் வெளுக்கின்றன, வலை வேண்டும். இந்த ஒரு வரியைப் படித்து முடிக்கத் தாவர வளர்ச்சி ஆய்வு நிலையத்துக்கு ஒரு வருடம் நான்கு மாதம் ஆயிற்று. சும்மா சொல்லக் கூடாது, படித்துத்தான் முடித்தார்கள்.

தொட்டியார் என்பது அவர் பெயர் இல்லை. நிலையத்தின் நாற்றங்காலில் இருபத்திரண்டு வருடமாக மண் தொட்டிகளோடு கிடப்பவர் என்பதால் வாயில்காவலர் முதல் இயக்குநர்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பணிப்பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்கும். கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

கன்றுகளின் கதை இது. ஊரை ஒட்டிய மலைச்சரிவு முழுக்க இடுப்பளவு உயரத்துக்குக் குட்டை மூங்கில் மண்டிக் கிடந்தது. அந்த மூங்கில் அறுபது வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்தால் சரிவு மொத்தமும் ஒன்றாகப் பூக்கும். விதை கொட்டியதும் மொத்தமும் ஒன்றாகச் செத்துப்போகும். அந்த வருடம் பூத்தது. சரிவுக்கு அடியில் பதினாலு வீடுகள் இருக்கின்றன, அதில் ஒன்று தொட்டியாரின் தங்கை வீடு. மண்ணை இறுக்கிப் பிடித்திருந்த வேரெல்லாம் இனி மக்கத் தொடங்கும். ஒரு மழைக்காலம் தாங்கும், இரண்டாவது தாங்காது. இதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், கொஞ்சம் மண்வெட்டி பிடித்திருந்தால் போதும்.

தொட்டியார் ஒன்பது நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சரிவில் குனிந்தபடியே திரிந்தார். எலிகள் அவருக்கு முன்னாலேயே வேலையைத் தொடங்கியிருந்தன. அவை விட்டுவைத்ததைப் பொறுக்கி வந்து நாற்றங்காலில் முளைக்கப் போட்டதில் முந்நூற்றுப் பன்னிரண்டு கன்றுகள் தலைகாட்டின. வீடுகளுக்கு நேர் மேலே இருக்கிற சரிவுத் துண்டுக்கு அது தாராளம். ஒரு சாண் உயரம் வந்ததும் நட்டுவிட்டால், பழைய வேர் தாங்குகிற காலத்துக்குள் புது வேர் ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. இவை போனால் வேறு விதை கிடையாது. அடுத்த பூவைப் பார்க்க வேண்டுமானால் தொட்டியார் நூற்றுப் பதிமூன்று வயதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்த மனுஷன் ஒரே ஒரு தப்புச் செய்தார். நாற்றங்காலில் எது முளைத்தாலும் அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் எழுதிவிடுவது அவர் பழக்கம். களையைக்கூட எழுதுவார். கை சும்மா இருக்காமல் ‘குட்டை மூங்கில் கன்று - 312’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மை காய்வதற்குள் அவை நிலையத்தின் சொத்தாகிவிட்டன.

வலை கேட்டு எழுதிய பதினோராம் நாள் கண்காணிப்பாளர் நாற்றங்காலுக்கு வந்தார். கையில் தொட்டியாரின் கடிதம், அதற்குக் கீழே ஏற்கெனவே ஆறு பேரின் குறிப்புகள். அதற்குள் தொட்டியார் சும்மா இருக்க முடியாமல் வீட்டிலிருந்து இரண்டு பழைய படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து நாலு கம்பு நட்டுக் கட்டியிருந்தார். அதற்கு அடியில் கன்றுகள் கொஞ்சம் நிறம் திரும்பத் தொடங்கியிருந்தன. கண்காணிப்பாளர் கன்றைப் பார்க்கவில்லை, விரிப்பைப் பார்த்தார். அதில் பூப்போட்டிருந்தது வேறு அவருக்குப் பிடிக்கவில்லை.

“நிழல் தேவைன்னு எழுதியிருக்கீங்க. தேவைன்னு யார் சொன்னது?”

“கன்றைப் பார்த்தாலே தெரியுது சார்.”

“கன்று சொல்றதைக் கோப்புல வைக்க முடியாது தொட்டியாரே. நாளைக்கே ஒருத்தர், எவ்வளவு நிழல், எதுக்கு நிழல்னு கேட்டா நான் கன்றைக் கூட்டிட்டுப் போய் நிறுத்த முடியுமா?”

அதன் பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். நிழல் வலை வாங்க வேண்டுமானால் நிழல் அவசியம் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு அனுமதி வேண்டும். அனுமதி வரும்வரை கன்றுகள் இப்போதிருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும். இப்போதிருக்கிற நிலை என்றால் கடிதத்தில் எழுதியிருக்கும் நிலை, அதாவது வெயில். கடிதம் எழுதிய பிறகு வந்த நிழல் அனுமதி பெறாத நிழல். விரிப்புகள் இரண்டையும் அவிழ்த்து, மடித்து, பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள். தொட்டியாரின் மனைவி இன்றுவரை அந்த விரிப்புகளைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அனுமதி வர ஏழு வாரம் ஆனது. அதற்குள் நாற்பத்தொரு கன்றுகள் கருகின. தொட்டியார் தினமும் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்; தன் உடம்பாலேயே மறைத்துக்கொண்டு நின்றும் பார்த்தார். ஒரு ஆள் நின்றால் ஒன்பது தொட்டிக்கு நிழல் விழும். உச்சிவேளையில் அதுவும் கிடையாது.

ஏழு வாரமும் அவர்கள் தூங்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒளிக்குழு என்று ஒன்று அமைத்தார்கள். ஏழு உறுப்பினர்கள். முதல் கூட்டத்தைத் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு நடத்தினார்கள், திரையில் படம் காட்ட வேண்டியிருந்தது. ஒளி என்றால் எது என்று வரையறுப்பதற்கே அன்றைக்குப் பொழுது போய்விட்டது. இரண்டாவது கூட்டத்தில் நிழலையும் ஒளியின் ஒரு வகையாகச் சேர்க்கலாமா, அல்லது அதற்குத் தனிக்குழு வேண்டுமா என்று விவாதித்தார்கள். மூன்றாவது கூட்டம் அறையில் விளக்கு எரியாததால் ஒத்திவைக்கப்பட்டது.

தொட்டியாரையும் ஒருநாள் கூப்பிட்டு ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் அன்று பேசியது நிலையத்தின் செய்தி மடலில் முழுவதும் வந்திருக்கிறது.

“நிலையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து வெயில் அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. யாரைக் கேட்டு வருது? எந்தப் பதிவேட்டுல ஏறுது? இத்தனை வருஷமா நம்ம வளாகத்துக்குள்ள விழுந்த வெளிச்சத்துக்கு நம்மகிட்ட ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. இதைவிட ஒரு அலட்சியம் இருக்க முடியுமா? இனிமே இங்க அளக்காம ஒரு கதிர் விழக் கூடாது.”

எல்லோரும் கைதட்டினார்கள். தொட்டியாரும் தட்டினார். தட்டிக்கொண்டே, மணி பன்னிரண்டாகப் போகிறதே, கன்றுகள் என்ன பாடுபடுகின்றனவோ என்று ஜன்னலைப் பார்த்தார். அதுதான் மூடியிருந்ததே.

கதிரை அளப்பதற்கு ஒரு ஒளி அதிகாரியை நியமித்தார்கள். அதுவரை தானியக் கிடங்குகளில் ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தவர். அதற்கும் ஒரு கருவி உண்டு, இதற்கும் ஒரு கருவி உண்டு, அதனால் ஆள் பொருத்தம் என்று முடிவாயிற்று. கெட்டவர் இல்லை, பாவம். வெயில் பட்டால் கண்ணில் நீர் கொட்டும் உபாதை அவருக்கு இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவார். கருவியின் எண்ணைத் தொட்டியார்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

ஆய்வுத் திட்டம் அழகாகத்தான் இருந்தது. நாலு பாத்தி. ஒன்று முழு ஒளி, ஒன்று பாதி ஒளி, ஒன்று கால் ஒளி, ஒன்று பத்தில் ஒரு பங்கு. பாத்திக்கு அறுபது கன்றுகள். மூன்று பாத்திகளுக்கு ஒற்றை, இரட்டை, மூன்று அடுக்கு என்று வலையும் வந்துவிட்டது. தொட்டியாருக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று. பரவாயில்லை, முழு ஒளியில் அறுபது போனாலும் மற்றவை தேறும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் இருநூற்று எழுபத்தொன்றில் நாலு அறுபது போக முப்பத்தொன்று மிச்சம் இருந்தன. அவற்றைப் பாதி ஒளியில் ஓரமாக வைக்கட்டுமா என்று கேட்டார்.

ஒளி அதிகாரி பதறிப்போனார். மிச்சக் கன்றுகள் ஆய்வில் சேராதவை. ஆய்வில் சேராதவற்றை எந்த ஒளி நிலைக்கும் உட்படுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. முழு ஒளியும் ஒரு நிலை, நிழலும் ஒரு நிலை. இரண்டும் இல்லாத ஒரு இடத்தை அரை நாள் தேடினார்கள். கடைசியில் உரக்கிடங்கின் உள் அறையில் அடுக்கிக் கதவைப் பூட்டினார்கள். சாவி கண்காணிப்பாளரிடம் இருந்தது. தண்ணீர் ஊற்றச் சாவி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தபோது அந்த முப்பத்தொன்றுக்கும் தண்ணீர் தேவைப்படவில்லை.

ஆய்வுக்குத் தொடக்க விழா வைத்தார்கள். முழு ஒளிப் பாத்தியின் முன்னால் நாடா வெட்டுவது என்று ஏற்பாடு. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு இயக்குநரின் உதவியாளர் வந்து இடத்தைப் பார்த்தார். தலையை அண்ணாந்து பார்த்தார். இந்த வெயிலில் பெரியவர்கள் எப்படி உட்காருவார்கள் என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது. மூன்று மணி நேரத்தில் கூடாரம் வந்தது. முப்பது அடிக்கு நாற்பது அடி, இரட்டைத் துணி, பாத்தி மொத்தத்தையும் மூடிக்கொண்டு. தொட்டியார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நிழலுக்கு இவ்வளவு வேகம் உண்டு என்று அவருக்கு அன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அந்தக் கூடாரத்துக்கு அடியில், முழு ஒளியின் மகத்துவத்தைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். விழா முடிந்தும் கூடாரத்தை யார் கழற்றுவது என்பதில் இழுபறி. கட்டியவர் வேறு பிரிவு, கழற்றுபவர் வேறு பிரிவு. பத்தொன்பது நாள் அது அப்படியே நின்றது. முழு ஒளிக் கன்றுகள் ஜம்மென்று துளிர்த்தன. ஒளி அதிகாரி அளவெடுத்து, முழு ஒளியே இவ்வினத்துக்கு மிக ஏற்றது என்று முதல் இடைக்கால அறிக்கை எழுதினார். மேலே கூடாரம் இருக்கிறது என்று தொட்டியார் மெல்லச் சொல்லிப் பார்த்தார். கூடாரம் ஆய்வுத் திட்டத்தில் இல்லை, ஆகவே அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று பதில் வந்தது.

இருபதாம் நாள் கூடாரத்தைக் கழற்றினார்கள். அடுத்த மூன்று வாரத்தில் அறுபதும் காய்ந்தன. இளசாக வளர்ந்த இலை, பொசுக்கென்று போய்விட்டது.

செத்த கன்றை என்ன செய்வது என்பதற்கு வளர்ச்சிப் பதிவேட்டில் இடமில்லை. உயரத்துக்குக் கட்டம் இருந்தது, இலை எண்ணிக்கைக்குக் கட்டம் இருந்தது, சாவுக்குக் கட்டம் இல்லை. பெயர் நீக்க வேண்டுமானால் ஒளிக்குழு கூட வேண்டும். ஒளிக்குழுவோ இடைக்கால அறிக்கையைப் பாராட்டிக் கலைந்துவிட்டிருந்தது. ஆகவே தொட்டியார் வெள்ளிக்கிழமைதோறும் அறுபது காய்ந்த குச்சிகளையும் அளவுகோல் வைத்து அளந்தார். ஒரு கன்று விடவில்லை. அவர் ஒரு மில்லிமீட்டர் கூட்டிக்குறைத்துப் படித்திருப்பார், அல்லது மழைத்தூறலில் குச்சி ஊறியிருக்கும். எப்படியோ ஒரு மாதத்தில் பதினேழு கன்றுகள் வளர்ந்திருந்தன. மேலேயிருந்து ஓலை வந்தது: முழு ஒளிப் பாத்தியில் வளர்ச்சி மந்தமாக இருப்பதன் காரணம் என்ன? அவை செத்துவிட்டன என்று எழுதினார். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை என்று திரும்பி வந்தது. அதன் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. எழுதி எழுதி என்ன கண்டோம் என்றிருந்தது அவருக்கு.

ஆனால் பாதி ஒளிப் பாத்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பத்தில் ஒரு பங்கு ஒளியில் இருந்தவை வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீண்டு, பூசணம் பிடித்து, இருபதுதான் மிஞ்சின. கால் ஒளியில் நாற்பத்தொன்பது, சுமாராக. பாதி ஒளியிலோ ஐம்பத்தெட்டு கன்றுகள். இலை ஒவ்வொன்றும் கெட்டியாக, அடர்பச்சையாக, விரலால் நீவினால் கரகரவென்று. அடியில் பக்கவாட்டில் புது முளைகள் தொட்டியின் விளிம்பை முட்டிக்கொண்டு கிளம்பின. வேர்க்கிழங்கு உள்ளே சுற்றிச் சுற்றி இடம் தேடுவது தொட்டியைத் தூக்கினாலே தெரிந்தது. இவற்றை மண்ணில் வைத்தால் போதும், ஓட்டம் பிடித்துவிடும். தொட்டியார் சாப்பாட்டு நேரத்திலும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். மொத்தம் நூற்றிருபத்தேழு தேறுகிறது, துண்டில் பாதியாவது அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

முதல் மழைக்காலம் இந்த அமர்க்களத்துக்கு நடுவே வந்து போயிருந்தது. பழைய வேர் எப்படியோ தாங்கிவிட்டது. இரண்டாவது மழைக்கு இன்னும் ஆறு வாரம். தங்கை தொலைபேசியில் அழைத்து, வீட்டுப் பின்சுவரை ஒட்டி மண் பிளந்திருக்கிறது, விரல் நுழைகிறது என்று சொன்னாள். அடுத்த வாரம் அழைத்துக் கை நுழைகிறது என்றாள். கன்று தயாராகிவிட்டது, ஆய்வு முடிகிற தேதி வந்துவிட்டது, முடிந்த மறுநாளே வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று தொட்டியார் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

ஆய்வு முடிகிற நாளன்று ஒளி அதிகாரி கட்டுக்கட்டாகக் காகித உறைகளோடு வந்தார். மிகுந்த உற்சாகத்தில் இருந்தார். கன்றுகளை எல்லாம் வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, இலை தனி, தண்டு தனி, வேர் தனி என்று வெட்டி, உறையில் போட்டு, எழுபது டிகிரி அடுப்பில் இரண்டு நாள் வைத்து உலர்த்தி எடை பார்க்க வேண்டும் என்றார்.

தொட்டியாருக்கு முதலில் விளங்கவில்லை. எந்தக் கன்றுகளை என்று கேட்டார். எல்லாவற்றையும் என்றார் அதிகாரி.

“இத்தனை நாள் உயரம் அளந்தோமே சார்?”

“உயரம் யாருக்கு வேணும்? பத்தில் ஒரு பங்குல இருக்கிறது கூடத்தான் உயரமா நிக்குது. எடைதான் வளர்ச்சி. தண்ணி எடையைக் கழிச்சிட்டு நிக்கிற எடை. உலர் எடை. உலகம் பூரா அப்படித்தான் பண்றாங்க.”

“அப்போ பாத்திக்கு ஒரு பத்து எடுத்துக்கலாமே சார். மிச்சத்தை விட்டுடலாம்.”

“முழு ஒளியில அறுபதும் போயிடுச்சு, மத்ததுலயும் குறைஞ்சு கிடக்கு. இதுக்கு மேல எண்ணிக்கையைக் குறைச்சா முடிவை யார் நம்புவாங்க?”

தொட்டியார் கையைப் பிசைந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு அதிகாரியின் கையைத் தொட்டதில்லை, அன்று தொட்டார்.

“சார், இதைச் சரிவுல நட்டா பதினாலு வீடு நிக்கும் சார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை உண்மையான பரிவோடு பார்த்தார். “நடணும்னாலும் எவ்வளவு நிழல்ல நட்டா பிழைக்கும்னு முதல்ல தெரியணுமே தொட்டியாரே. அதுக்குத்தானே இவ்வளவும்?”

தொட்டியார் இயக்குநரிடம் போனார். மூன்று நாள் காத்திருந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. இயக்குநர் எழுந்து வந்து தோளில் கைபோட்டார். உங்களைப் போன்றவர்கள்தான் இந்த நிலையத்தின் ஆணிவேர் என்றார். சரிவைப் பற்றி விசாரித்தார், தங்கையின் பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேட்டார். இரண்டு என்று தொட்டியார் சொன்னதும் வருத்தத்தோடு தலையாட்டினார்.

“உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மண்ணுல நட்ட செடி நாளைக்கே சாகலாம். மாடு மேயலாம், எலி கடிக்கலாம். அறிக்கையில ஏறின செடிக்குச் சாவே கிடையாது. நாம அதுங்களைக் காப்பாத்துறோம்.”

மறுநாள் மதியம் தொட்டியார் தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். பாதி ஒளிப் பாத்தியிலிருந்து எட்டுக் கன்றுகளைத் தொட்டியோடு எடுத்துச் சைக்கிளின் பின் கூடையில் அடுக்கி மேலே மழைக்கோட்டைப் போட்டு மூடினார். எட்டு கன்று பதினாலு வீட்டுக்கு எம்மாத்திரம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் எட்டு இருந்தால் கிழங்கு பிரித்து எண்பதாக்கலாம். வாயில்வரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாயில்காவலர் அவரோடு இருபது வருடம் ஒன்றாகத் தேநீர் குடித்தவர், மழையே இல்லாத நாளில் மழைக்கோட்டு எதற்கு என்று யோசிக்கிற அளவுக்கு அக்கறை உள்ளவர். மெல்ல அதைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன தொட்டியாரே, பச்சையா இருக்கே. பச்சையா இருக்கிறதுக்கு வெளியேற்றுச் சீட்டு வேணும். காய்ஞ்சிருந்தா குப்பைன்னு எழுதி நானே விட்டுடுவேன்.”

தொட்டியார் அழுதுவிட்டார். காவலர், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தார். எட்டுத் தொட்டிகளையும் ஒரு இலை ஒடியாமல் பாத்தியில் திரும்ப வைக்கக் கூடவே வந்து உதவவும் செய்தார். நல்ல மனுஷன்தான், வேறென்ன சொல்ல.

பிடுங்குகிற வேலையைத் தொட்டியாரிடமே கொடுத்தார்கள். சல்லிவேர் அறுந்தால் எடை குறைந்துவிடும், அறாமல் எடுக்கத் தெரிந்தவர் அந்த நிலையத்தில் அவர் ஒருவர்தான். இரண்டு நாள் உட்கார்ந்து நூற்றிருபத்தேழையும் எடுத்தார். வேண்டுமென்றே கெடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, கைக்கு அது வரவில்லை. பாதி ஒளிக் கன்று ஒன்றின் கிழங்கைச் சுருள் பிரித்துப் பார்த்தால் அவர் கை நீளம் இருந்தது. ஒளி அதிகாரி குனிந்து பார்த்து, ஒரு நூல்கூட அறவில்லையே, அபாரம் என்று முதுகில் தட்டினார். அடுப்பு வைத்திருந்த அறையிலிருந்து இரண்டு நாளும் வைக்கோல் வாசனை வந்தது. நடைபாதையில் போகிறவர்கள் மூக்கை உறிஞ்சி, நல்ல வாசனையாக இருக்கிறதே, என்ன என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

தராசின் எண்ணையும் தொட்டியார்தான் படித்துச் சொன்னார். பாதி ஒளி, சராசரி பதினாலு கிராம். கால் ஒளி, ஒன்பது. பத்தில் ஒரு பங்கு, மூன்று.

எண்பத்து நான்கு பக்கத்தில் அறிக்கை வெளிவந்தது. அதற்கு ஒரு பரிசும் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் முடிவு: வெயில் இக்கன்றுகளை வெளுக்கச் செய்கிறது, நிழல் வலை அவசியம், பாதி ஒளியே சிறந்தது. அதன் கீழே பரிந்துரை: மலைச்சரிவில் மண்சரிவு அபாயம் இருப்பதால் பாதி ஒளியில் வளர்ந்த கன்றுகளை மழைக்கு முன் உடனடியாக நட வேண்டும். அவசரம் என்று சிவப்பு மையில் எழுதி, அந்தப் பக்கத்தைத் தொட்டியாருக்கே அனுப்பி, ஒரு வாரத்தில் முந்நூறு கன்றுகள் வழங்கும்படி உத்தரவு போட்டிருந்தார்கள்.

இருப்பு இல்லை என்று அவர் எழுதினார். இருப்புப் பதிவேட்டின்படி முந்நூற்றுப் பன்னிரண்டு கன்றுகள் உள்ளன, இதுவரை எதுவும் கழிக்கப்படவில்லை, அவை எங்கே என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும் என்று கண்காணிப்பாளர் திருப்பி எழுதினார். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலி பாத்திகளுக்கு நடுவில் தொட்டியார் உட்கார்ந்திருந்தபோதுதான் தங்கை அழைத்தாள்.

“அண்ணா, கன்னெல்லாம் எப்படி வந்திருக்கு?”

“நல்லா வந்துச்சும்மா” என்றார். “பாதி வெளிச்சத்துல வச்சது எல்லாத்தையும் விட நல்லா வந்துச்சு. ஒவ்வொண்ணும் கிழங்கு இவ்வளவு நீளம்.”

“அப்போ எப்பண்ணா கொண்டுவர்றே? இங்க நேத்தே மழை பிடிச்சிடுச்சு.”

இருபத்திரண்டு வருடமாக எதைக் கேட்டாலும் பதில் எழுதிப் பழகிய மனுஷன், சொந்தத் தங்கைக்குச் சொல்ல ஒரு வரி கிடைக்காமல் தவித்தார்.

“நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே நம்ம வீட்டுக்கு வந்துடு” என்றார் கடைசியில். “சாமானெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல கிளம்பு.”

அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நான் வந்துடறேண்ணா” என்றாள். “மத்த பதிமூணு வீட்டுக்கு நீதானே கன்னு கொண்டுவர்றேன்னு நான் சொல்லிவச்சிருக்கேன். அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?”